தாத்தா டப்பாவுல இருக்கறது மின்ட் எரர் காசா, அடிபட்ட காசா? வில்லியனூர், பாகூர் பக்கத்து வீடுகளுக்கு முதல் பரிசோதனை



நம்ம வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்கள்ல பழைய வீட்டை இடிச்சுக் கட்ட ஆரம்பிச்சா, பரண்ல இருந்து ஒரு டப்பா கண்டிப்பா இறங்கும். குட்டிகுரா பவுடர் டப்பாவா இருக்கலாம், ஹார்லிக்ஸ் பாட்டிலா இருக்கலாம், பாட்டியோட சுருக்குப்பையா இருக்கலாம். உள்ள காசு. முன்னெல்லாம் அதைப் பசங்களுக்கு விளையாடக் கொடுத்துடுவாங்க. இப்போ வீட்டுல யாராவது ஒருத்தர் செல்போனை எடுத்து "பழைய காசு விலை"ன்னு தேடறாங்க. அரை மணி நேரத்துல "இந்த ஒரு ரூபாய்க்கு நாலு லட்சம்"னு சொல்ற பத்து ரீல்ஸ் வந்து நிக்குது. அதுக்கு அப்புறம்தான் பணம் போக ஆரம்பிக்குது, வர்றது இல்ல.

அதனால காசை யார்கிட்டயும் காட்டறதுக்கு முன்னாடி, நீங்களே வீட்டுல உக்காந்து எப்படிப் பாக்கறதுன்னு இன்னைக்குச் சொல்றேன். தேவையான சாமான் ரொம்பக் கம்மி: பத்து மடங்கு பெருசாக் காட்டற ஒரு லென்ஸ், 0.01 கிராம் வரைக்கும் காட்டற சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு காந்தம், நல்ல வெளிச்சம். புளி, எலுமிச்சை, சபீனா மூணும் கிச்சன்லயே இருக்கட்டும். காசைத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கினா, வாங்கறவர் கண்ணுக்கு அது முதல் பார்வையிலேயே தெரிஞ்சிடும், விலையும் அங்கேயே இறங்கிடும். அழுக்கோட இருக்கற காசுக்குத்தான் மரியாதை.

முதல்ல ஒரு காசு எப்படிப் பிறக்குதுன்னு தெரிஞ்சுக்கணும். இது புரிஞ்சா பாதி ஏமாத்து வேலை நம்மகிட்ட பலிக்காது. உலோகத் தகட்டுல இருந்து வட்ட வட்டமா வில்லை வெட்டுவாங்க. அதைச் சூடாக்கி மென்மையாக்கி, கழுவி, ஓரத்தைக் கொஞ்சம் உயர்த்துவாங்க. அப்புறம் மேல ஒரு அச்சு, கீழ ஒரு அச்சு, சுத்தி ஒரு வளையம், நடுவுல வில்லை. ஒரே அழுத்து. ரெண்டு பக்கப் படமும் ஓரமும் ஒரே நேரத்துல விழுந்துடும். நம்ம நாட்டுல இந்த வேலை மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டான்னு நாலு நாணயசாலைகள்ல நடக்குது. இந்த வேலையில எங்கயாவது சறுக்கினா அது மின்ட் எரர். காசு வெளிய வந்ததுக்கு அப்புறம் அதுக்கு என்ன நடந்தாலும் அது சேதம்தான். சேதத்துக்குச் சேகரிப்பாளர் காசு கொடுக்க மாட்டார். கேள்வி எப்பவும் ஒண்ணுதான்: இது அந்த ஒரு அழுத்துக்கு முன்னாடியோ, அழுத்தும்போதோ நடந்ததா, பின்னாடி நடந்ததா?

வில்லியனூர்ல பின்னாடி நடந்ததுக்கு ஒரு நல்ல உதாரணம் ரயில் தண்டவாளம். விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை 1879-ல வந்தது. ஸ்டேஷன் பக்கத்துல வளர்ந்த பசங்க தண்டவாளத்துல காசு வெச்சு, ரயில் போனதும் ஓடிப்போய் எடுக்கறது ஒரு விளையாட்டு. அப்படி நசுங்கின அலுமினியப் பத்துப் பைசா இன்னைக்கு டப்பாவுல இருந்து வரும்போது, "வளையம் இல்லாம அச்சடிச்ச எரர்"னு நினைக்கத் தோணும். ரெண்டுலயும் காசு விரிஞ்சிருக்கும். ஆனா வளையம் இல்லாம அடிச்ச காசுல எழுத்தும் படமும் கூர்மையா, முழு உயரத்தோட நிக்கும். ரயில் ஏறினதுல எழுத்து மழுங்கி, ஒரு பக்கமா இழுத்த மாதிரி இருக்கும். லென்ஸ்ல பாத்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

இப்போ நம்ம ஊர் டப்பாவுக்கே உரிய ஒரு சிக்கல். தமிழ்நாட்டுல ஒரு பழைய டப்பாவைத் திறந்தா பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியா காசும் சுதந்திர இந்தியா காசும் இருக்கும். நம்ம பக்கம் அப்படி இல்ல. வில்லியனூர் கொம்யூன்ல இருக்கற கீழூர்லதான் 1954 அக்டோபர் 18 அன்னைக்கு, இந்தியாவோட சேர்றதா வேண்டாமான்னு வாக்கெடுப்பு நடந்துச்சு. ஓட்டுரிமை இருந்த 178 பேர்ல 170 பேர் சேரலாம்னு சொன்னாங்க. நவம்பர் 1-ல நிர்வாகம் கைமாறுச்சு. அதுவரைக்கும் இங்க பிரெஞ்சு ஆட்சி. பிரெஞ்சு ராணுவத்துல சொல்தாவா இருந்தவங்க, சைகோன்ல அரசாங்க வேலை பாத்தவங்க வீட்டு டப்பாவுல பிராங்க், சாந்தீம், இந்தோசீனா பியாஸ்தர் எல்லாம் நம்ம ஓட்டைக் காலணாவோட கலந்து கிடக்கும். எதைப் பாத்தாலும் புதுசா, விசித்திரமா தெரியும். விசித்திரமா தெரியறதெல்லாம் எரர்னு முடிவு பண்றதுதான் இங்க அதிகமா நடக்கற கூத்து.

ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. ஒரு சுதந்திர இந்தியக் காசை, படம் நேரா இருக்கற மாதிரி, மேலயும் கீழயும் ரெண்டு விரலால பிடிச்சுக்குங்க. அப்படியே பக்கவாட்டுல சுழட்டுங்க. பின்பக்கமும் நேரா நிக்கும். நம்ம காசுகளோட அமைப்பு அது. பின்பக்கம் சாஞ்சோ தலைகீழாவோ வந்தா, அச்சு திரும்பின காசு, உண்மையான எரர்தான். பத்து, பதினைஞ்சு டிகிரி சாய்வு சாதாரணமா வரும், அதை யாரும் கண்டுக்க மாட்டாங்க. தொண்ணூறு, நூத்தி எண்பது டிகிரின்னா தனியா எடுத்து வைங்க. இப்போ அதே மாதிரி ஒரு பழைய பிரெஞ்சு பிராங்கைச் சுழட்டுங்க. பின்பக்கம் தலைகீழா இருக்கும். குதிக்க வேண்டாம்! பிரெஞ்சுக்காரங்க காசை அப்படித்தான் அடிச்சாங்க. இந்தோசீனாவுக்கு அடிச்ச பியாஸ்தரும் அப்படித்தான். நேரா நின்னாத்தான் அங்க சந்தேகப்படணும்.

ஓட்டையும் அதே கதைதான். 1943-ல இருந்து 1947 வரைக்கும் வந்த காலணாவுல நடுவுல ஓட்டை இருக்கும். போர்க்காலத்துல உலோகம் மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. இந்தோசீனா 1 சென்ட், 5 சென்ட்லயும், பிரான்ஸோட பழைய சாந்தீம் காசுலயும் ஓட்டை உண்டு. எல்லாமே டிசைன்தான். ஓட்டை நடுவுல இல்லாம ஓரத்துக்கு நகர்ந்திருந்தாலோ, ஓட்டையே விழாம காசு முழுசா இருந்தாலோ அது எரரா இருக்கலாம். ஓரத்துக்குப் பக்கத்துல சின்னதா, பிசிறோட ஒரு துளை இருந்தா, யாரோ பாட்டி கழுத்துல கோத்துப் போட்ட காசு அது. வளையம் பத்த வெச்ச தடம் இருந்தாலும் அப்படித்தான். எரர்னு சொல்ல முடியாது. வெள்ளியா இருந்தா வெள்ளி விலை இருக்கு.

அடுத்து, நம்ம புதுச்சேரி நாணயசாலை. 1736-ல ஆற்காடு நவாப்கிட்ட அனுமதி வாங்கி பிரெஞ்சுக்காரங்க இங்கேயே ரூபாய் அடிச்சாங்க. அதுல பிறை அடையாளம் இருக்கும். செம்புல டூடூன்னு சின்னக் காசும் உண்டு. ஒரு பக்கம் பிரெஞ்சு லில்லிப்பூ, இன்னொரு பக்கம் தமிழ்ல "புதுச்சேரி"ன்னு எழுத்து. உங்க டப்பாவுல இது இருந்தா சந்தோஷப்படுங்க, ஆனா "பாதி எழுத்து காணோம், அதனால எரர்"னு விளம்பரம் பண்ணாதீங்க. கையால சுத்தியல் வெச்சு அடிச்ச காலத்துல அச்சு பெருசு, வில்லை சின்னது. பாதி எழுத்துதான் விழும். நாயக்கர் காசு, நவாப் காசு எல்லாத்துக்கும் இதே கணக்கு. அதுக்கு மதிப்பு வரலாறாலயும் நிலைமையாலயும் வரும். மின்ட் எரர்ங்கற பேச்சே மெஷின்ல அடிச்ச காசுக்குத்தான்.

சரி, உண்மையான எரர்னா எப்படி இருக்கும்? ஆரம்பிக்கறவங்களுக்கு நான் முதல்ல சொல்லிக்கொடுக்கறது ஒரே ஒரு விதி: மேல எழும்பியிருக்கா, உள்ள பள்ளமா இருக்கா? அச்சுல விரிசல் விழுந்தா, அந்த விரிசலுக்குள்ள உலோகம் போய், காசுல மெல்லிய மேடான கோடா நிக்கும். நகத்தால தடவினாலே தட்டுப்படும். கீறல்னா பள்ளம். பள்ளமா இருக்கற எந்தக் கோட்டையும் "விரிசல் எரர்"னு நம்பாதீங்க. ஆனா மேடா இருந்தாலும் பெரிய கனவு வேண்டாம். அச்சு விரிசல் நம்ம எஃகு ஒரு ரூபாய், ரெண்டு ரூபாயில சர்வ சாதாரணம். பழகறதுக்கு நல்லது, விக்கறதுக்கு அவ்வளவா உதவாது.

எழுத்து காணாமப் போறதும் அப்படித்தான். அச்சுக்குழியில எண்ணெய்ப் பிசுக்கு அடைச்சா ஒரு எழுத்தோ ஒரு எண்ணோ மங்கிடும். பக்கத்து எழுத்தெல்லாம் கூர்மையா இருந்து அது மட்டும் இல்லைன்னா அச்சு அடைப்பு. எல்லாமே வழுவழுன்னு இருந்தா, ஐம்பது வருஷம் சட்டைப்பையில தேய்ஞ்ச காசு.

கண்ணுக்கு நல்லாத் தெரியற, சேகரிப்பாளர் தேடற எரர் மூணு நாலுதான். படம் ஒரு பக்கமா நகர்ந்து, மறுபக்கம் வெறும் வில்லை பிறை மாதிரி தெரியறது ஒண்ணு. வருஷம் தெரிஞ்சா இன்னும் நல்லது. அந்த வெறும் பகுதியில ஓரம் சரியா எழும்பியிருக்காது. அரத்தால ராவி எடுத்த போலியில ராவின கோடு தெரியும். இன்னொண்ணு, ஓரத்துல பிறை வடிவமா கடிச்ச மாதிரி குறை. தகட்டுல ஏற்கெனவே வெட்டின ஓட்டை மேல வெட்டு மறுபடி விழுந்தா இது வரும். இதுக்கு ஒரு அழகான சாட்சி உண்டு: கடிச்ச இடத்துக்கு நேர் எதிர்ப்புற ஓரம் மங்கலா இருக்கும். கட்டர் வெச்சு வெட்டின போலியில எதிர்ப்புறம் ஜம்முன்னு இருக்கும். எடை குறையுதுங்கறது ரெண்டுக்கும் பொது, அதை வெச்சு ஏமாறாதீங்க.

மூணாவது, சேகரிப்பாளர்கள் லாக்கின்னு சொல்ற காசு. அடிச்ச காசு அச்சுலயே ஒட்டிக்கிட்டு வெளிய வராம நின்னா, அடுத்த வில்லை அந்தக் காசு மேலயே அடிபடும். அதனால ஒரு பக்கம் சரியான படம், இன்னொரு பக்கம் அதே படம் கண்ணாடியில பாத்த மாதிரி திரும்பி, பள்ளமா இருக்கும். பாத்தவுடனே கை நடுங்கும், உண்மை. ஆனா இதைத்தான் அதிகமாப் போலி பண்றாங்க. ரெண்டு காசை வைஸ்ல வெச்சு நசுக்கினா ஒண்ணோட படம் இன்னொண்ணுல பள்ளமாப் பதியும். அந்தப் போலியில பழைய படமோட மிச்சம் அடியில தெரியும், மறுபக்கம் தட்டையாகியிருக்கும். உண்மையானதுல ஒரு பக்கம் கூர்மை குறையாம இருக்கும், மறுபக்கத்துல அடியில வேற படத்தோட சுவடே இருக்காது.

நாலாவது, வேற காசோட வில்லையில அடிச்சது. இங்கதான் தராசு பேசும். 1992-ல இருந்து வந்த எஃகு ஒரு ரூபாய் 4.85 கிராம், விட்டம் 25 மில்லிமீட்டர். அந்தக் காலத்து எஃகு 50 பைசா 22 மில்லிமீட்டர், எடை 3.8 கிராம் பக்கம். ஒரு ரூபாய்ப் படம் ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு, எடை 3.8 கிராம் காட்டினா அதை இன்னைக்கே தனி உறையில போடுங்க. எடை 4.7, 4.8ன்னு வந்தா தேய்மானம்.

காந்தம் பத்தி ஒரு வார்த்தை. வெள்ளி காந்தத்துல ஒட்டாது. விக்டோரியா ரூபாய் 11.66 கிராம் இருக்கணும், ஒட்டக் கூடாது. ஒட்டினா போலி. ஆனா 1947-ல வந்த புலி போட்ட ஒரு ரூபாய் சுத்த நிக்கல். அது ஒட்டும், 1950 ரூபாயும் ஒட்டும். ஒட்டுதேன்னு அதைத் தூக்கி எறியாதீங்க.

இப்போ ரீல்ஸ்ல வர்ற "அபூர்வ" காசுகள். 1985 ஒரு ரூபாயில வருஷத்துக்குக் கீழ "எச்"னு ஒரு எழுத்து இருக்கும். தட்டுப்பாடு வந்ததால வெளிநாட்டுல அடிச்சு வாங்கினாங்க. எச் இங்கிலாந்து பர்மிங்ஹாம் சாலையோட அடையாளம். மத்தபடி வருஷத்துக்குக் கீழ வைரம் இருந்தா மும்பை, நட்சத்திரம்னா ஹைதராபாத், புள்ளின்னா நொய்டா, எதுவுமே இல்லைன்னா கொல்கத்தா. "புள்ளி காணோம், எரர்"னு சொல்றவங்களுக்கு இது ஒண்ணு போதும். 2012-ல வந்த வைஷ்ணவ தேவி காசு, 2010 தஞ்சைப் பெரிய கோயில் அஞ்சு ரூபாய், 2005, 2006-ல வந்த சிலுவை மாதிரி கோடு போட்ட காசு எல்லாம் அரசாங்கம் அடிச்ச சாதாரண வெளியீடு. பத்து ரூபாயில சிலதுல பத்து கோடு, சிலதுல பதினைஞ்சு கோடு, சிலதுல ரூபாய் குறியீடே இருக்காது. 14 டிசைன் வந்திருக்கு, எல்லாம் செல்லும்னு ரிசர்வ் வங்கியே 2018 ஜனவரியில சொல்லிடுச்சு. கிழக்கிந்தியக் கம்பெனி பேர் போட்டு, மறுபக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ இருக்கற "1818 காசு" பூஜை டோக்கன்தான். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்ல. இதையே "அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கு"ன்னு கிளப்பி விடற கும்பல்கள் பத்தி நீங்களே பேப்பர்ல படிச்சிருப்பீங்க.

போன வருஷம் வில்லியனூர் பக்கத்து அக்கா ஒருத்தர் போன் பண்ணாங்க. வீட்டுக்காரர் போயிட்டார், மாமனார் வெச்சிருந்த டப்பா, அதுல ரெண்டு எச் மார்க் காசு. ஆன்லைன்ல போட்டோ போட்ட மறுநாளே ஒருத்தன் கூப்பிட்டிருக்கான். "அம்மா, ரெண்டும் சேர்த்து ஏழு லட்சம். ரிசர்வ் வங்கி பைல் ஃபீஸ் மட்டும் 2,450 அனுப்புங்க, ஆள் பணத்தோட வருவார்"னு சொல்லியிருக்கான். ஆளோட போட்டோ, ஐடி கார்டு, வங்கி முத்திரை போட்ட லெட்டர் எல்லாம் வாட்ஸ்அப்புல வந்திருக்கு. "பொண்ணு காலேஜ் ஃபீஸ் கட்டணும் தம்பி, அனுப்பிடவா?"ன்னு கேட்டாங்க. "அக்கா, உங்க பொருளை வாங்க வர்றவன் உங்ககிட்ட ஏன் பணம் கேக்கறான்?"னு கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "அப்போ ஏழு லட்சம் வராதா?"ன்னு மெதுவாக் கேட்டாங்க. வராதுன்னு சொல்றதுதான் எனக்குக் கஷ்டமா இருந்தது. அந்த 2,450 தப்பிச்சது. அனுப்பியிருந்தா அடுத்து ஜிஎஸ்டி, அதுக்கு அடுத்து டெலிவரி சார்ஜ்னு அம்பதாயிரம் வரைக்கும் கறந்திருப்பாங்க.

2021 ஆகஸ்ட் 4-ல ரிசர்வ் வங்கி தெளிவா அறிவிச்சிருக்கு: பழைய காசு, நோட்டு வாங்கி விக்கற விஷயத்துல அவங்க இறங்கறதே இல்ல, கமிஷனோ கட்டணமோ யார்கிட்டயும் கேக்கறது இல்ல, அவங்க பேர்ல வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்ல. யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தீங்கன்னா வெக்கப்படாம உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. முதல் சில மணி நேரம் ரொம்ப முக்கியம்.

நிஜமாவே நல்ல எரர் கிடைச்சா என்ன பண்றது? முதல்ல ரெண்டு பக்கமும் ஓரமும் தெரியற மாதிரி போட்டோ எடுத்து, எடை எழுதி வைங்க. சென்னையில சேகரிப்பாளர் சங்கம் இருக்கு, நாணயக் கண்காட்சிகள் நடக்குது. ரெண்டு மூணு பேர்கிட்ட நேர்ல காட்டுங்க. முதல் ஆள் சொல்ற விலைக்கு அங்கேயே கொடுத்துடாதீங்க. மும்பை, பெங்களூரு ஏல நிறுவனங்கள் பழைய ஏலத்துல எது என்ன விலைக்குப் போச்சுன்னு வெளியிடறாங்க. கேட்ட விலையை விட்டுடுங்க, போன விலையைப் பாருங்க. என்ஜிசி, பிசிஜிஎஸ் மாதிரி சான்றிதழ் கொடுக்கற கம்பெனிகளும் இருக்கு, ஆனா காசு மதிப்பைவிட அவங்க ஃபீஸ் அதிகமா ஆகிடக் கூடாது. என்னோட கருத்தைக் கேட்டா, ஒரு சராசரி டப்பாவுல எரரைவிட பழைய வெள்ளி ரூபாயும் வெள்ளி பியாஸ்தரும்தான் உங்களுக்கு நிச்சயமான காசு. பியாஸ்தர் 27 கிராம், அதுல 90 சதவீதம் வெள்ளி. தட்டாருக்குப் போறதுக்கு முன்னாடி அதோட சேகரிப்பு விலையையும் கேட்டுக்குங்க.

சட்டம் பக்கம் ரெண்டு மூணு விஷயம். டப்பா பரண்ல இருந்து வந்தா குடும்பச் சொத்து. பாகூர்ல ஏர் ஓட்டும்போதோ, கடைக்கால் தோண்டும்போதோ மண்ணுக்குள்ள இருந்து வந்தா கதை வேற: 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல மதிப்பு இருந்தாலே கலெக்டருக்குத் தெரியப்படுத்தணும். நூறு வருஷத்துக்கு மேலான காசு தொல்பொருள் கணக்குல வரும். பிரான்ஸ்ல இருக்கற அண்ணனுக்குக் கூரியர்ல அனுப்பிடலாம்னு நினைக்காதீங்க. 25 பைசாவும் அதுக்குக் கீழ இருக்கறதும் 2011 ஜூன் 30-லிருந்து செல்லாது, ஆனா வெச்சுக்கறது தப்பில்ல. வாரிசா வர்றதுக்கு வரி கிடையாது, எஸ்டேட் வரி 1985-லயே போயிடுச்சு. வித்து வர்ற லாபத்துக்கு வரி வரலாம். பெரிய தொகைன்னா ஆடிட்டர்கிட்ட, 2001 ஏப்ரல் 1 மதிப்பை வாங்கின விலையா எடுத்துக்க முடியுமான்னு மறக்காமக் கேளுங்க.

கடைசியா பங்கு. ஒரு காசுக்கு ஒரு லட்சம்னு வீட்டுல பேச்சு வந்த நிமிஷமே அக்கா தங்கச்சி உறவு ஆட்டம் காண ஆரம்பிக்கும். இங்க சில குடும்பங்களுக்கு இந்து வாரிசுச் சட்டம், ரெனோன்சான் குடும்பங்களுக்கு பிரெஞ்சு சிவில் சட்டம். பங்கு கணக்கே மாறும். அதனால டப்பா திறக்கற அன்னைக்கே எல்லா வாரிசும் இருக்கும்போது, ஒரு நோட்டுல எண் போட்டு, வருஷம், எடை, போட்டோ நம்பர் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. காசை ஒவ்வொண்ணா தனித்தனி காகித உறையில போட்டு வைங்க. வழவழப்பான பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ரெண்டு மழைக்காலம் போனா அதுல செம்பு பச்சை பிடிச்சிடும்.